தட்டம்மை, வதந்தி, ஒரு தாயின் மறுப்பு: மருத்துவத் திகில் நாவல் எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

தடுப்பூசியைக் கண்டு அஞ்சும் ஓர் ஊருக்குள் தொற்றுநோய் நுழைகிறது. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நாவல் எழுத உட்காருபவர்கள் பலர் முதல் அத்தியாயத்திலேயே வழி தவறிவிடுகிறார்கள். ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பித்த பெயரில்லாத கிருமி, விண்வெளிக்குப் போகிறவர்போல உடையணிந்த விஞ்ஞானி, ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் கல்லெடுக்கும் கூட்டம் என்று கதை ஓடத் தொடங்கிவிடுகிறது. படிக்கப் பரபரப்பாக இருக்கும், ஆனால் யாரும் எதையும் நம்பமாட்டார்கள்.

நான் உறுதியாக நம்புவது இது: இந்த வகை நாவலின் அச்சாணி, "என் பிள்ளைக்கு ஊசி வேண்டாம்" என்று சொல்கிற தாய்தான். ஒரு பக்கத்துக்காவது வாசகர் அவள் பக்கம் நின்று, "இவள் சொல்வது நியாயம்தானே" என்று தடுமாற வேண்டும். அந்தத் தடுமாற்றத்தில்தான் திகில் பிறக்கிறது. இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாப் படிகளும் அந்த ஒரு பக்கத்தை நோக்கித்தான் போகின்றன.

முதல் படி: நோயின் காலண்டரை வரையுங்கள்

புதுக் கிருமியைக் கற்பனை செய்ய வேண்டாம். தட்டம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்களில் மணல்வாரி என்று சொல்கிறோமே, அதுதான். மனிதர்களுக்கு வரும் நோய்களில் இவ்வளவு வேகமாகப் பரவுபவை மிகக் குறைவு. எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குத் தொற்றைக் கொடுக்க முடியும். நோயாளி அறையை விட்டு வெளியேறிய பிறகும் இரண்டு மணி நேரம் வரை வைரஸ் அந்த அறைக் காற்றிலேயே இருக்கும். திகில் எழுத்தாளருக்கு இதைவிட என்ன வேண்டும்? காலியான வகுப்பறைக்குள் ஒரு குழந்தை பென்சிலைத் தேடிக்கொண்டு தனியாக நுழைகிறது. அவ்வளவுதான் காட்சி.

இப்போது ஒரு காலண்டரை எடுத்துச் சுவரில் மாட்டுங்கள். தொற்று உடலுக்குள் புகுந்த நாள் 0. ஏறக்குறைய 10ஆம் நாள் காய்ச்சல், இருமல், மூக்கில் நீர், சிவந்த கண்கள். பார்ப்பவர்கள் சளிக்காய்ச்சல் என்றே நினைப்பார்கள். அடுத்த இரண்டு மூன்று நாட்களில் கன்னத்தின் உட்புறம், கடைவாய்ப் பற்களுக்கு எதிரே, சிவந்த பரப்பில் ரவை தூவியதுபோல வெண்புள்ளிகள் தோன்றும். கோப்லிக் புள்ளிகள் என்பது அவற்றின் பெயர். 14ஆம் நாளை ஒட்டி, காதுக்குப் பின்னாலும் நெற்றியிலும் தொடங்கி உடல் முழுக்கத் தடிப்புகள் இறங்கும்.

தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே அந்தக் குழந்தை தொற்றைப் பரப்பத் தொடங்கிவிடுகிறது. தொற்றுக்கு ஆளானவருக்கு 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்க வாய்ப்புண்டு. நான்கு நாள் என்பது 96 மணி நேரம். அதாவது, தடிப்பைப் பார்த்து "இது தட்டம்மை" என்று மருத்துவர் சொல்லும் நேரத்தில், முதலில் தொற்றியவர்களுக்கு அந்த 72 மணி நேரம் ஏற்கெனவே கடந்துபோயிருக்கும். வெடிகுண்டின் முள் ஓடுவதை யாரும் பார்க்கவேயில்லை. இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் துரத்தல் காட்சிகளுக்குத் தேவையே இல்லை.

இரண்டாவது அலை முதல் அலைக்குச் சுமார் இரண்டு வாரம் கழித்து வரும். நடுவே ஊர் அமைதியாக இருக்கும். அந்த அமைதியை இரண்டு அத்தியாயங்களுக்கு நீட்டுங்கள். அந்த நாட்களில் ஒரு திருமணம் வைக்கலாம், கோயில் கொடை வைக்கலாம்.

இரண்டாம் படி: ஊரின் கணக்கைப் போடுங்கள்

உங்கள் ஊரில் 1,000 குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 90 சதவீதம் பேர் ஒரு தவணைத் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள். அதிகாரிகள் பெருமைப்படும் எண் இது. ஒன்பது மாதத்தில் போடும் முதல் தவணை ஏறக்குறைய 85 சதவீதக் குழந்தைகளுக்கே பாதுகாப்புத் தரும். அப்படியானால் 900 பேரில் 765 பேருக்குத்தான் கவசம். போடாத 100 பேரையும் சேர்த்தால், 235 குழந்தைகள் வெட்டவெளியில் நிற்கிறார்கள். இந்த ஓட்டையை அடைக்கத்தான் 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாம் தவணை. இரண்டும் போட்டால் பாதுகாப்பு 97 சதவீதத்தைத் தொடும். நோய் பரவாமல் நிற்க, ஊரில் சுமார் 95 சதவீதம் பேர் எதிர்ப்புச் சக்தியோடு இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கை நாவலில் அப்படியே கொட்டிவிடாதீர்கள். அதிலிருந்து கிடைக்கும் திருப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஊசி போட்ட குழந்தை ஒன்றுக்கும் நோய் வரும். ஒரு தவணையோடு நின்றுவிட்ட குழந்தை அது. "ஊசி போட்டும் வந்துவிட்டதே, பிறகு எதற்கு ஊசி?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்பார். கேள்வியில் தவறில்லை. பதில்தான் நீளமானது. வதந்திக்கு ஒரு வரி போதும், உண்மைக்கு ஒரு பத்தி வேண்டியிருக்கிறது. நாவலாசிரியர் தினமும் மல்லுக்கட்ட வேண்டிய இடம் இதுதான்.

மூன்றாம் படி: அம்மையின் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள்

நம் ஊரில் நடக்கும் கதையில் யாரும் முதல் நாளே "தட்டம்மை வைரஸ்" என்று சொல்லமாட்டார்கள். "அம்மை போட்டிருக்கிறது" என்பார்கள். "அம்மா வந்திருக்கிறாள்" என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகப்படும். வீட்டில் தாளிப்பு நின்றுவிடும். பிள்ளையை வேப்பிலைமேல் படுக்க வைத்து, இளநீரும் கேழ்வரகுக் கூழும் கொடுப்பார்கள். நாள் எண்ணி, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். அதன் பிறகுதான் பிள்ளை வாசல் தாண்டும்.

இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்கும் எழுத்தாளர் நல்லதொரு புதையலைத் தூக்கி எறிகிறார். வாசலில் தொங்கும் வேப்பிலை, "வெளியாட்களே, உள்ளே வராதீர்கள்" என்று சொல்கிறது. கிருமியைப் பற்றி யாருக்கும் தெரியாத காலத்திலேயே நம் முன்னோர் கண்ட தனிமைப்படுத்தல் அது. அதே வேப்பிலைக்கு மறுபக்கமும் உண்டு. அம்மை போட்ட வீட்டிலிருந்து பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகக் கூடாது என்பதும் அந்த வழக்கத்தோடு ஒட்டியே வரும். தட்டம்மையில் பிள்ளைகள் இறப்பது பெரும்பாலும் அதன் பின்விளைவுகளால்தான்: நிமோனியா, வயிற்றுப்போக்கு, அரிதாக மூளைக்காய்ச்சல். மூச்சு இழுக்கும் பிள்ளையை ஏழாம் நாள் தண்ணீருக்காகக் காக்க வைப்பதா வேண்டாமா? உங்கள் நாவலின் மிகப் பெரிய இரவு இதிலிருந்து கிடைக்கும்.

பசிபிக் பெருங்கடலில் உள்ள சமோவாவில் 2019இல் தட்டம்மை பரவியபோது, டிசம்பர் 5, 6 தேதிகளில் நாடே கதவடைத்தது. ஊசி போடாதவர்கள் இருக்கும் வீடுகள் வாசலில் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்று அரசு சொன்னது. தடுப்பூசிக் குழுக்கள் அந்தத் துணியைத் தேடிப் போயின. நம் வேப்பிலை விலகிப் போகச் சொல்கிறது. அந்தச் சிவப்புத் துணி உள்ளே வரச் சொன்னது. உங்கள் கதையில் வேப்பிலை எந்தக் கணத்தில் விலக்கும் அடையாளத்திலிருந்து அழைக்கும் அடையாளமாக மாறுகிறது? அந்தக் கணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் நாவலின் முதுகெலும்பு கிடைத்துவிடும்.

நான்காம் படி: நம்பிக்கை உடைந்த இடத்தைத் தோண்டுங்கள்

தடுப்பூசி மீதான ஐயம் வானத்திலிருந்து விழுவதில்லை. அதற்குக் கீழே பெரும்பாலும் ஒரு பழைய காயம் இருக்கும். அந்தக் காயம் உண்மையானதாக இருக்கும். இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள்.

நைஜீரியாவின் கானோ மாநிலம் 2003இல் போலியோ சொட்டு மருந்தை நிறுத்தியது. மருந்தில் மலட்டுத்தன்மை உண்டாக்கும் பொருள் கலந்திருக்கிறது என்று வதந்தி. உலகமே அவர்களை அறியாதவர்கள் என்றது. ஆனால் அதே கானோவில் 1996இல், மூளைக்காய்ச்சல் கொள்ளைநோயின் நடுவே, ஃபைசர் நிறுவனம் ட்ரோவன் என்ற புதிய மருந்தைக் குழந்தைகள்மீது சோதித்துப் பார்த்தது. அந்தச் சோதனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளில் 11 பேர் இறந்தார்கள். பெற்றோரிடம் முறையான சம்மதம் வாங்கவில்லை என்று வழக்கு நடந்தது. ஏழே ஆண்டுக்குப் பிறகு வெளியூர்க்காரர் ஒருவர் சொட்டு மருந்தோடு வாசலில் வந்து நின்றால், அந்த ஊர்த் தாய் என்ன நினைப்பாள்?

பாகிஸ்தானில் ஒசாமா பின் லேடனைத் தேடிய அமெரிக்க உளவுத்துறை, 2011இல் அபோட்டாபாத்தில் மஞ்சள்காமாலைத் தடுப்பூசி முகாம் என்ற போர்வையில் ஆள் அனுப்பியது. அது வெளியே தெரிந்த பிறகு போலியோ பணியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போன பெண்கள் அவர்களில் பலர். ஓர் உளவாளியின் ஒரு பொய்க்கு யாரோ ஒரு பணியாளர் உயிரைக் கொடுத்தார்.

நம் ஊர் வரலாற்றையும் விடாதீர்கள். சென்னை கிண்டியில் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி தயாராகிக்கொண்டிருந்த காலத்தில், 1955இல், அதைப் பெருந்திரளாகப் போடும் திட்டத்தை ராஜாஜி வெளிப்படையாக எதிர்த்தார். ஐயம் படிக்காதவர்களின் சொத்து என்ற எண்ணத்தை இந்த ஒரு செய்தியே கலைத்துவிடும். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்ட நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு சில காலம், ஊர் ஊராகப் போய் ஊசி போடுவது நிறுத்தப்பட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டுமே போடப்பட்டது. அந்த ஆண்டில் பிறந்த பிள்ளைக்கு ஒரு தாய் ஊசி போடாமல் விட்டிருந்தால், அவளை எந்த வாயால் குறை சொல்வது?

உங்கள் கற்பனை ஊருக்கும் இப்படி ஒரு காயத்தைக் கொடுங்கள். ஊரின் பெயர், நிலையத்தின் பெயர், இறந்த பிள்ளையின் பெயர் எல்லாம் கற்பனையாக இருக்கட்டும். உண்மையில் பிள்ளையை இழந்த குடும்பத்தைக் கதைக்குள் இழுக்க நமக்கு உரிமை இல்லை.

ஐந்தாம் படி: மறுக்கும் தாயை எழுதுங்கள்

அவளுக்குச் செல்வி என்று பெயர் வைப்போம். செங்கல் சூளையில் வேலை. முதல் பிள்ளைக்கு எல்லா ஊசியும் போட்டவள். இது முக்கியம்: தொடக்கத்திலிருந்தே எதிர்ப்பவளாக அவளைப் படைக்காதீர்கள். தயங்குபவர்களில் பெரும்பாலானோர் எதிர்ப்பாளர்கள் அல்லர். உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் தயக்கத்துக்கு மூன்று வேர்கள் சொல்கிறார்கள்: நம்பிக்கைக் குறைவு, நோயைப் பற்றிய அலட்சியம், வசதியின்மை. மூன்றாவதை எழுத்தாளர்கள் மறந்தேபோகிறார்கள். புதன்கிழமை ஊசி நாள். புதன்கிழமை சூளைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை. ஊசி போட்ட இரவு பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தால் வியாழக்கிழமைக் கூலியும் இல்லை. இதில் சித்தாந்தம் எங்கே இருக்கிறது?

செவிலியரும் அவளும் பேசுவதை எப்படி எழுதலாம் என்று காட்டுகிறேன்:

"அட்டையை எடுத்து வா செல்வி. சின்னவனுக்கு ஒன்பது மாதம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது."

"தெரியும் நர்ஸம்மா. பெரியவளுக்கு நீங்கள்தானே போட்டீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லையே."

"அப்புறம் என்ன?"

"மேலத்தெரு மாலா பிள்ளைக்கும் நீங்கள்தான் போட்டீர்கள்."

செவிலியர் அட்டையை மூடினார். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. செல்வி கரண்டியை எடுக்கவில்லை.

இங்கே யாரும் குரலை உயர்த்தவில்லை. செல்வி குற்றம் சாட்டவுமில்லை. ஊசிக்குப் பிறகு பிள்ளையை இழந்த ஒருத்தியின் பெயரைச் சொன்னாள், அவ்வளவுதான். இந்த இடத்தில் செவிலியருக்கு நீண்ட விளக்கவுரை கொடுத்துவிட்டால் காட்சி செத்துவிடும். அவர் பதில் சொல்லாமல் எழுந்து போக வேண்டும். பதிலை இருபது அத்தியாயம் கழித்துச் சொல்லட்டும்.

ஆறாம் படி: வதந்தியை இரண்டாவது கிருமியாக நடத்துங்கள்

வதந்திக்கும் தனியாக ஒரு காலண்டர் போடுங்கள். யாரிடமிருந்து யாருக்கு, எந்த நாளில், எந்தக் கைபேசி வழியாக என்று கோடு இழுங்கள். நோயின் கோட்டையும் வதந்தியின் கோட்டையும் ஒரே தாளில் வெவ்வேறு வண்ணத்தில் வரைந்தால், இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடங்களில் உங்கள் முக்கியக் காட்சிகள் தாமாகவே உட்காரும்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது நினைவிருக்கும். ஒன்பது மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும், பெரும்பாலும் பள்ளிகளிலேயே. முகாம் தொடங்கும்போதே வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளும் செய்திகளும் பறந்தன. பெற்றோர் பள்ளி வாசலில் நின்று பிள்ளைகளைத் திரும்ப அழைத்துப் போனார்கள், ஊசி நாளன்று பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாமல் விட்டார்கள். மாதக் கடைசியில் முடிய வேண்டிய முகாமை மார்ச் மாதத்துக்கு நீட்டிக்க வேண்டியதாயிற்று. அந்தச் செய்திகளைப் பகிர்ந்தவர்கள் தீயவர்கள் அல்லர். பெரும்பாலோர் அக்காவுக்கும் மைத்துனிக்கும் நல்லது செய்வதாக நினைத்தே அனுப்பினார்கள். "எதற்கும் பார்த்துக்கொள்" என்ற இரண்டு சொற்கள் போதும். உங்கள் வதந்தியை அந்த அன்போடு எழுதுங்கள்.

உண்மையான தீயவன் ஒருவன் வேண்டும் என்றால், வதந்தியால் பணம் பார்ப்பவனை வைக்கலாம். அதற்கும் வரலாற்றில் முன்மாதிரி உண்டு. பிரிட்டனில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 1998இல் 12 குழந்தைகளை மட்டும் வைத்து, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தும் கட்டுரையை லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார். தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்க முனைந்த வழக்கறிஞரிடமிருந்து அவர் பணம் பெற்றது பின்னால் வெளிவந்தது. இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றதும், மருத்துவர் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டதும் 2010இல். இடையில் 12 ஆண்டுகள். ஒரு பொய் 12 ஆண்டு உயிரோடு உலவியது என்பதே ஒரு நாவலுக்குப் போதுமான கரு.

ஏழாம் படி: ஊசிக்குப் பின் நேரும் மரணத்தை மணிக்கணக்கில் எழுதுங்கள்

மேலத்தெரு மாலாவின் பிள்ளைக்கு என்ன ஆயிற்று? உங்கள் நாவலின் மர்ம முடிச்சு இது. இங்கே துப்பறியும் கதையின் கருவிகள் முழுமையாகப் பயன்படும், ஏனென்றால் காரணம் எது என்பதைக் கடிகாரமே பெருமளவு காட்டிக்கொடுக்கும்.

தட்டம்மைத் தடுப்பூசி குப்பியில் தூளாக இருக்கும். அதற்குரிய கரைப்பானை ஊற்றிக் கலக்க வேண்டும். கலக்கிய நேரத்தைக் குப்பியின்மேல் எழுத வேண்டும். நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் கொட்டிவிட வேண்டும். இதில் எந்த இடத்திலும் தவறு நேரலாம்.

பிள்ளை சில நிமிடங்களில் துவண்டு மூச்சு நின்றால், கரைப்பானுக்குப் பதில் வேறு மருந்து கலந்திருக்கிறது என்ற ஐயம் எழும். சமோவாவில் 2018 ஜூலையில் நடந்தது இதுவே. தண்ணீருக்குப் பதிலாக, காலாவதியான மயக்கவியல் மருந்தைச் செவிலியர்கள் கலந்துவிட்டார்கள். ஒரே நாளில் இரண்டு பச்சிளம் குழந்தைகள் இறந்தன. சிரியாவின் இட்லிப் மாகாணத்தில் 2014 செப்டம்பரில் 15 குழந்தைகள் இறந்ததும் இப்படியே. அங்கே கலக்கப்பட்டது தசை தளர்த்தும் மருந்து. உடனடி ஒவ்வாமையும் நிமிடங்களில்தான் வரும். ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் உட்காரச் சொல்வது அதற்காகவே. அது மிக அரிது, உடனே கவனித்தால் காப்பாற்றிவிடலாம்.

சில மணி நேரம் கழித்து வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் என்று தொடங்கினால், நான்கு மணி நேரக் கெடு தாண்டிய குப்பியில் பாக்டீரியா வளர்ந்திருக்கலாம்.

ஏழு முதல் 12 நாள் கழித்து இலேசான காய்ச்சலும் தடிப்பும் வந்தால், அது தடுப்பூசி வேலை செய்வதன் அடையாளமாகவே இருக்கும்.

இவை எதிலும் அடங்காததும் உண்டு. ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பே இல்லாமல் அடுத்தடுத்து நடந்திருக்கும். 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் மக்களுக்கு ஊக்கமூட்ட கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். தடுப்பூசி காரணமல்ல என்று தேசியக் குழு ஆராய்ந்து சொன்னது சில மாதங்களுக்குப் பிறகு. இடைப்பட்ட காலத்தில் அந்த இரண்டு நாள் இடைவெளி எத்தனை வீடுகளின் முடிவை மாற்றியது என்பதை நம்மில் பலர் சொந்தக் குடும்பத்திலேயே பார்த்தோம். துக்கத்தில் இருக்கும் மனம் காரணம் தேடும். கையருகே கிடைக்கும் காரணத்தைப் பற்றிக்கொள்ளும். அந்த மனத்தை எள்ளி நகையாடும் ஒரு வரிகூட உங்கள் நாவலில் இருக்கக் கூடாது.

தடயங்களைப் பொறுத்தவரை ஒன்றைக் கிட்டே போய்ப் பாருங்கள். குப்பியின் மூடியில் ஒரு சிறு வட்டம், அதற்குள் ஒரு சதுரம். வெப்பம் பட்டால் சதுரம் கருத்துக்கொண்டே போகும். வட்டத்தின் நிறத்தை அது எட்டிவிட்டால் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது. 2 முதல் 8 டிகிரிக்குள் மருந்து பயணம் செய்ததா என்பதற்கு அதுவே சாட்சி. இந்த மருந்தைப் பொறுத்தவரை அந்த அடையாளம் மூடியிலேயே இருப்பதால், மூடியைப் பிரித்து எறிந்ததும் சாட்சியும் போய்விடுகிறது. குப்பைக்கூடையில் கிடக்கும் ஒரு மூடியைத் தேடும் அத்தியாயம், துப்பாக்கியைத் தேடும் எந்த அத்தியாயத்துக்கும் இளைத்ததல்ல.

எட்டாம் படி: நாயகியை ஸ்கூட்டரில் ஏற்றுங்கள்

கதையை நகர்த்த வேண்டியவர் கிராம சுகாதார செவிலியர். அவருக்கு ஒவ்வொரு வீட்டின் பிள்ளைப்பேறும் தெரியும். எந்த மாமியார் எந்த மருமகளோடு பேசுவதில்லை என்பதும் தெரியும். பதிவேட்டில் இல்லாத வீடுகள் எவை என்பது அவருக்கு மட்டுமே தெரியும். வெளியிலிருந்து வரும் மருத்துவர் ஒருவர் கதைக்குத் தேவைதான். மாதிரி எடுத்துக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்கு அனுப்ப வேண்டும், முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும், மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் கதவைத் தட்டும் கை செவிலியருடையதாக இருக்கட்டும்.

அவருக்கும் ஒரு சுமை வேண்டும். மாலாவின் பிள்ளைக்கு ஊசி போட்டவர் அவர். தான் எழுதிய நேரம் 10.40ஆ, 11.40ஆ என்று அவருக்கே இப்போது உறுதியில்லை. அந்தக் குப்பி போய்விட்டது. சமோவாவில் அந்த இரண்டு செவிலியர்களுக்கும் ஐந்தாண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அது அவருக்குத் தெரியும்.

ஒன்பதாம் படி: அத்தியாயங்களை அடுக்குங்கள்

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலண்டர் தயாராக இருந்தால் அடுக்கு தானே வரும். மாலாவின் பிள்ளை இறந்த நாளில் தொடங்குங்கள். ஓராண்டு தள்ளி, வெளியூரிலிருந்து கொடைக்கு வந்த ஒரு பிள்ளையின் இருமலுக்குப் போங்கள். முதல் வேப்பிலையை யாரும் கவனிக்காத ஒரு வாக்கியத்துக்குள் மறைத்து வையுங்கள். இரண்டாம் அலையோடு நாவலின் பாதி முடியட்டும். மூன்றாம் அலையில் செல்வியின் சின்னவனுக்குக் காய்ச்சல் வரட்டும். கடைசி நோயாளிக்குத் தடிப்பு வந்த நாளிலிருந்து 42 நாள் புதிதாக யாருக்கும் வராவிட்டால் நோய் ஓய்ந்தது என்று கொள்வது நடைமுறை. அந்த 42 நாளையும் எண்ணிக்கொண்டிருக்கும் செவிலியரைக் கடைசிப் பகுதியில் வைக்கலாம். 39ஆம் நாளில் எங்கோ ஒரு பிள்ளை இருமினால் வாசகரின் கை நடுங்கும்.

பத்தாம் படி: எழுதக் கூடாததை முடிவு செய்யுங்கள்

திகில் நாவலின் வாசகர் கதையிலிருந்து செய்தியை எடுத்துக்கொண்டு போவார். நாம் எச்சரிக்கையாக இருந்தே ஆக வேண்டும். ஊசிக்குள் ரகசியப் பொருள் கலந்து ஒரு நிறுவனம் சதி செய்கிறது என்ற முடிச்சை இந்த நாவலுக்குள் கொண்டுவராதீர்கள். விறுவிறுப்பாக இருக்கும், ஆனால் அந்த ஓர் அத்தியாயத்தின் படம் நாளை யாரோ ஒருவரின் கைபேசிக்குப் போகும். கதைக்குக் கீழே "இது கற்பனை" என்று போடுவதை யாரும் பகிரமாட்டார்கள். சமோவாவில் இரண்டு லட்சம் மக்கள்தான். 5,700 பேருக்கு மேல் நோய் வந்து 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். முந்தைய ஆண்டின் அந்த இரண்டு மரணங்களுக்குப் பிறகு தடுப்பூசித் திட்டம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டதும், அச்சம் ஊர்களுக்குள் ஊறியதும் சேர்ந்து அந்த 83க்கு வழி திறந்தன.

தவறு நடக்கிறது என்பதை மறைக்காதீர்கள். தவறை மறைத்ததால் என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள். மாலாவிடம் யாராவது வந்து, "எங்கள் பக்கம் தவறு நேர்ந்திருக்கலாம், கண்டுபிடித்துச் சொல்கிறோம்" என்று அன்றே சொல்லியிருந்தால், செல்வி அட்டையை எடுத்துக் கொடுத்திருப்பாளா? இந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்க வேண்டாம். நாவல் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

பதினொன்றாம் படி: ஊசி போட்ட கையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்

வரைவு முடிந்ததும் முதலில் எழுத்தாள நண்பரிடம் கொடுக்க வேண்டாம். ஒரு செவிலியரிடம் கொடுங்கள். நான் கொடுத்தேன். முப்பது ஆண்டு பணி செய்து ஓய்வு பெற்றவர். நான்கு நாள் கழித்துத் திருப்பித் தந்தார். பென்சிலால் எண்ணிக்கை போட்டு 23 இடங்களில் குறித்திருந்தார். முதல் குறிப்பு: "இடது கையில் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். இடது கை பி.சி.ஜி.க்கு. இது வலது கை, தோலுக்கு அடியில்." ஐஸ் கட்டி வைத்த பெட்டியை ஒரு காட்சியில் வெயிலில் திறந்து வைத்திருந்தேன். அதற்குப் பக்கத்தில் இரண்டு கோடு.

ஆனால் அவர் விரல் வைத்துக் காட்டியது செல்வி கதவைச் சாத்தும் பக்கத்தை. அதில் மருத்துவத் தவறு எதுவும் இல்லை. "இப்படிச் சாத்தமாட்டார்கள் தம்பி," என்றார். "எவ்வளவு கோபம் இருந்தாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்பார்கள். நான் குடித்து முடிக்கிற வரைக்கும் நிற்பார்கள். சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள். திரும்பி வரமாட்டார்கள்."

அந்தப் பக்கத்தை அன்று இரவே மாற்றி எழுதினேன்.